கொலு ரயில் நிலையத்துக்கு எல்.ஈ.டி. விளக்குகள்: கணக்கு சரியாக இருந்தும் ரெசிஸ்டர் கருகியது ஏன்?

பன்னிரண்டு வெள்ளை எல்.ஈ.டி.களுக்கும் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.க்கும் சேர்த்து எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கொலுப்படிகளுக்குக் கீழே வைக்கும் பூங்காவில் இந்த ஆண்டு பெங்களூரு கன்டோன்மென்ட் நிலையத்தின் சாயலில், 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, ஒரு ரயில் நிலையம் செய்கிறீர்கள். கையில் இருப்பது 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். வெள்ளை விளக்குகள் அனைத்தும் பக்க இணைப்பில் (எல்லாவற்றின் நேர்முனைகளும் ஒன்றாக, எதிர்முனைகளும் ஒன்றாக), எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கால் வாட் அளவுள்ள 39 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. சில விளக்குகள் பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தன, ரெசிஸ்டர் சில நொடிகளில் கருகல் வாசனை அடித்தது, சிக்னலுக்காகச் சிவப்பைச் சேர்த்ததும் வெள்ளை எல்லாம் அணைந்து சிவப்பு மட்டும் கண் கூசும்படி எரிந்து பிறகு செத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்னணுப் பொருள் கடைக்காரர் பெரிய வாட் ரெசிஸ்டர் போடச் சொன்னது சரியா என்பதும், வீட்டில் கிடக்கும் மொபைல் சார்ஜர் போதுமா என்பதும் உங்கள் கிளைக் கேள்விகள். ஓம் கணக்கில் நீங்கள் தவறவில்லை. 12 வோல்ட்டிலிருந்து எல்.ஈ.டி.யின் 3 வோல்ட்டைக் கழித்து, விளக்குக்கு 20 வீதம் பன்னிரண்டுக்கு 240 மில்லி ஆம்பியர் என்று வகுத்தால் 37.5 ஓம் வரும். கடையில் அதற்கு அடுத்துக் கிடைப்பது 39. கணக்கு சரியாக இருந்தும் சுற்று ஏன் கெட்டது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் பவர் சப்ளை செய்யும் தொழிற்கூடம் ஒன்றின் சோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். வீட்டுக் கொலுவுக்கும் நண்பர்களின் ரயில் மாதிரிகளுக்கும் விளக்கு போட்டுப் பழக்கம் உண்டு. ஆனால் உங்கள் வேலையை நேரில் பார்க்காமல் எழுதுவதால், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. எல்.ஈ.டி. என்பது, மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடு வகையைச் சேர்ந்தது. பழைய குண்டு பல்பைப் போல் கொடுத்த வோல்ட்டுக்கு ஏற்ற மின்னோட்டத்தைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும் பொருள் அன்று. குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை அது ஏறக்குறைய எதையும் கடத்தாது; அதைத் தாண்டினால் மிகச் சிறிய உயர்வுக்கே மின்னோட்டம் பன்மடங்காகும். அந்த மின்னழுத்தம் நிறத்தைப் பொறுத்தது. சிவப்புக்கு 1.8 முதல் 2.2 வோல்ட், மஞ்சளுக்கு 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், நீலத்துக்கு 2.8 முதல் 3.4 வோல்ட். வெள்ளை எல்.ஈ.டி. என்று நாம் வாங்குவது, நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு தடவியது; இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே வெள்ளையின் வோல்ட்டும் நீலத்தின் வோல்ட்டும் ஒன்றே. பச்சையில் இரண்டு வகை உண்டு: இலைமஞ்சள் சாயலுள்ள பழைய மலிவு வகை 2.1 வோல்ட் அளவிலும், இன்றைய பிரகாசமான பச்சை 3 வோல்ட்டுக்கு மேலும் எரியும். இதற்கு மேல் இன்னொரு குணம்: சூடேற ஏற, அதே மின்னோட்டத்துக்கு எல்.ஈ.டி. கேட்கும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகும்.

இந்த அளவு தெரிந்தால் உங்கள் மேசையில் நடந்தது விளங்கிவிடும். ஒரே பொட்டலத்தில் வந்த பன்னிரண்டு வெள்ளை எல்.ஈ.டி.களும் துல்லியமாக ஒரே வோல்ட் கொண்டவை அல்ல, ஒன்று 2.9, இன்னொன்று 3.1 என்று இருக்கும். பக்க இணைப்பில் எல்லாவற்றின் குறுக்கேயும் நிற்பது ஒரே மின்னழுத்தம்தான் என்பதால், குறைந்த வோல்ட்டில் எரியக்கூடியது தன் பங்குக்கு மேல் இழுத்துக்கொள்ளும், மற்றவை மங்கும். அதிகம் இழுத்தது அதிகம் சூடாகும். சூடானதால் அதன் வோல்ட் இன்னும் இறங்கும். அதனால் இன்னும் இழுக்கும். இது முற்றி ஒரு விளக்கு உள்ளே இணைப்பு அறுந்து, திறந்த சுற்றாகச் செத்தால், அதன் பங்கும் மிச்சமிருப்பவற்றின் தலையில் ஏறும். சிவப்பைச் சேர்த்ததும் நடந்தது இதே விஷயத்தின் முற்றிய வடிவம். 2 வோல்ட்டில் எரியும் சிவப்பு, அந்த இணைப்பு முழுவதையும் 2 வோல்ட்டிலேயே பிடித்து வைத்துவிட்டது. 3 வோல்ட் கேட்கும் வெள்ளை விளக்குகளுக்கு அது போதாது, அவை அணைந்தன. மீதி 10 வோல்ட் 39 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே நின்றதால் ஏறக்குறைய 256 மில்லி ஆம்பியர் பாய்ந்து, முழுவதும் அந்த ஒரே சிவப்பு வழியே போனது. தொடர்ந்து 20 மில்லி ஆம்பியர் தாங்கக்கூடிய விளக்குக்கு இது பன்னிரண்டு மடங்குக்கு மேல். சில நொடிகள் அது தாக்குப்பிடித்ததே பெரிது.

ரெசிஸ்டர் கருகியதற்குத் தனிக் கணக்கு. 9 வோல்ட்டை 0.23 ஆம்பியரால் பெருக்கினால் 2 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. அதைக் கால் வாட் ரெசிஸ்டரின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். கடைக்காரர் சொன்னபடி 3 வாட் அல்லது 5 வாட் ரெசிஸ்டர் போட்டால் அது கருகாது, அந்த மட்டில் அவர் சொன்னது சரிதான். ஆனால் விளக்குகளின் ஏற்றத்தாழ்வும் சிவப்பு செத்ததும் அதனால் தீராது. அட்டையும் தெர்மகோலும் கொண்ட நிலையக் கட்டடத்துக்குள் 2 வாட் வெப்பத்தைக் கொண்டுபோய் வைத்ததாகவும் ஆகும். ஆகவே அந்த யோசனையை ஏற்க வேண்டாம். விளக்கு ஒவ்வொன்றுக்கும், அல்லது தொடராக, ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் சேரும்படி, கோத்த வரிசை ஒவ்வொன்றுக்கும், தனி ரெசிஸ்டர் போடுவதே வழி. ரெசிஸ்டர் விலை அற்பமானது. இதில் சிக்கனம் பார்க்க ஒன்றும் இல்லை.

ஆனால் நான் வற்புறுத்தும் இடம் அதற்கும் முன்னால் இருக்கிறது. 20 மில்லி ஆம்பியர் என்று ஏன் எடுத்துக்கொண்டீர்கள்? அது அந்த எல்.ஈ.டி. தொடர்ந்து தாங்கும் உச்ச அளவு. கொடுத்தே தீர வேண்டிய அளவு அன்று. சிறு மாதிரிகளில் விளக்கு போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறார்கள். இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. 2 மில்லி ஆம்பியரிலேயே ஒரு சின்ன நடைமேடையைத் தாராளமாக வெளிச்சமாக்கும். 20 கொடுத்தால் நிலையம் போலத் தெரியாது, இரவுக் கிரிக்கெட் மைதானம் போலத் தெரியும். மின்னோட்டத்தைக் கால்வாசியாகக் குறைத்தாலும் கண்ணுக்கு ஒளி கால்வாசியாகக் குறைந்ததாகப் படாது. கண் அப்படி நேர்விகிதத்தில் அளப்பதில்லை. 20 என்ற எண்ணை விட்டு 5-க்கோ 2-க்கோ இறங்கிவிட்டால், சூடு, பெரிய ரெசிஸ்டர், தடித்த கம்பி, அடாப்டரின் பலம் ஆகிய கவலைகள் எல்லாமே ஒன்றாக விலகுகின்றன.

எவ்வளவு போதும் என்பதைத் தாளில் தீர்மானிக்க முடியாது, கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு எளிய முறை ஒன்று உண்டு. 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், திருகினால் மதிப்பு மாறும் 10 கிலோ ஓம் பாட் ஒன்றையும், ஒரு எல்.ஈ.டி.யையும் தொடராக 12 வோல்ட்டில் இணையுங்கள். பாட் முழுவதும் ஒரு பக்கம் திரும்பியிருந்தாலும் 470 ஓம் இருப்பதால் வெள்ளையில் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. மறுபக்கம் திருப்பினால் 1 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கும். எல்.ஈ.டி.யை அதன் இடத்தில் வைத்து, கொலு பார்க்க வருகிறவர்கள் நிற்கும் தூரத்தில் நின்று, அன்று மாலை அறையில் எவ்வளவு வெளிச்சம் இருக்குமோ அதே வெளிச்சத்தில், பாட்டைத் திருகிப் பாருங்கள். பிடித்த அளவு வந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பாட்டும் 470-உம் சேர்ந்து எவ்வளவு என்று மல்டிமீட்டரில் அளந்து, அதற்குப் பக்கத்தில் கடையில் கிடைக்கும் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் 1:87 அளவுக்கு அது பெரும்பாலும் 2.2 கிலோ ஓமுக்கும் 10 கிலோ ஓமுக்கும் இடையில் எங்கோ வந்து நிற்கிறது. பட்டப்பகலில், ஜன்னலோரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். இரவில் பார்க்கும்போது எல்லாமே மிகையாக இருக்கும்.

பாட் கையில் இல்லை, நேரடியாக எண் வேண்டும் என்றால் இப்படித் தொடங்கலாம். 12 வோல்ட்டில் ஒற்றை வெள்ளைக்கு 1.8 கிலோ ஓம் போட்டால் 5 மில்லி ஆம்பியர் வரும். ரெசிஸ்டரில் வீணாவது 45 மில்லிவாட்தான், கால் வாட் ரெசிஸ்டர் சுகமாகத் தாங்கும். மூன்று வெள்ளைகளைத் தொடராகக் கோத்தால் 9 வோல்ட் அவற்றுக்கே போய்விடும். மீதி 3 வோல்ட்டுக்கு 680 ஓம் போட்டால் 4.4 மில்லி ஆம்பியர். நான்கைத் தொடராகக் கோக்க வேண்டாம். ரெசிஸ்டருக்கென்று வோல்ட் எதுவும் மிஞ்சாததால், அவை எரிந்தாலும் மங்கலாகவும் நம்ப முடியாதபடியும் எரியும். ஒற்றைச் சிவப்புக்கு 2.2 கிலோ ஓம் போதும்.

ஒற்றையாகப் போடுவதா, மூன்றாகக் கோப்பதா என்பதில் பெரும்பாலான வழிகாட்டிகள் மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லி மூன்றையே பரிந்துரைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் முதல் குறையே விளக்குகள் ஒரே அளவாக எரியவில்லை என்பது. ஒவ்வொரு எல்.ஈ.டி.யும் 2.8-க்கும் 3.4-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். 12 வோல்ட்டில் 1.8 கிலோ ஓமுடன் ஒற்றையாக இருந்தால் மின்னோட்டம் 5.1-க்கும் 4.8-க்கும் இடையில் மட்டுமே மாறும். எந்தக் கண்ணும் அந்த வித்தியாசத்தைக் காணாது. மூன்று கோத்த வரிசையில், வரிசைக்குள் மூன்றிலும் ஒரே மின்னோட்டம்தான் என்றாலும், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 5.3 முதல் 2.6 வரை மாறலாம். ரெசிஸ்டரின் குறுக்கே எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு எல்.ஈ.டி.களின் ஏற்றத்தாழ்வு மறைக்கப்படும் என்பதே இதில் உள்ள விதி. நடைமேடை விளக்குகள் வரிசையாக நின்று ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பவை. அவற்றை ஒற்றையாகப் போடுங்கள். அறைகளுக்குள் மறைவாக இருப்பவற்றை வேண்டுமானால் மும்மூன்றாகக் கோக்கலாம். மின்சாரம் வீணாகிறதே என்றால், பன்னிரண்டு விளக்கும் ஒற்றையாக 5 மில்லி ஆம்பியரில் எரிந்தாலும் மொத்தம் 0.72 வாட்தான். ஒற்றையாக இருந்தால் நவராத்திரி நடுவில் ஒன்று செத்தாலும் மற்றவை அணையாது என்பது கூடுதல் நன்மை.

மொபைல் சார்ஜர் போதுமா என்ற கேள்விக்கு, போதும் என்பதே பதில், சில நிபந்தனைகளுடன். யு.எஸ்.பி. சார்ஜர் தருவது 5 வோல்ட். அதில் வெள்ளையைத் தொடராகக் கோக்கவே முடியாது, ஒவ்வொன்றுக்கும் 470 ஓம் தனியாக வேண்டும். மேலே சொன்ன அதே ஏற்றத்தாழ்வுக் கணக்கை இங்கே போட்டால் 4.7 முதல் 3.4 மில்லி ஆம்பியர் வரை மாறும். 12 வோல்ட் ஒற்றையைவிட மோசம், 12 வோல்ட் மும்மூன்றைவிட நன்று. அகலமான பழைய வாய் உள்ள சார்ஜரும் கேபிளும் எப்போதும் 5 வோல்ட் தரும். வேகச் சார்ஜர் என்றாலும் போன் கேட்டாலன்றி வோல்ட்டை உயர்த்தாது. இரு முனையிலும் யு.எஸ்.பி.-சி வாய் உள்ள கேபிளோ அப்படியன்று: கேபிளின் மறுமுனையில் செருகும் சுற்றில் அதற்கென்று 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இல்லாவிட்டால் சார்ஜர் எதையுமே தராது. பலர் சார்ஜர் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதனால்தான். மின்வெட்டுக்குப் பவர் பேங்க் வைத்துக்கொள்ள நினைத்தால் வேறொரு தொல்லை: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், போன் நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். பன்னிரண்டு விளக்குக்கு ஆகும் 50 மில்லி ஆம்பியர் அந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது. உங்களுடையது என்ன செய்யும் என்பதை அதனிடமே ஒரு மாலை விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கையில் இருக்கும் 12 வோல்ட் அடாப்டரையே தொடர்வது நல்லது.

அடாப்டரில் எழுதியிருக்கும் 1 ஆம்பியர் அது தரக்கூடிய அளவே தவிர, வலிந்து தள்ளும் அளவு அன்று. 2 ஆம்பியர் அடாப்டர் போட்டால் விளக்கு போய்விடுமோ என்ற அச்சம் தேவையில்லை. கவனிக்க வேண்டியவை வேறு. கைக்குக் கனமாக, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழங்கால அடாப்டர் 12 என்று எழுதியிருந்தாலும், சிறு சுமையில் 16, 17 வோல்ட் வரை காட்டும். பூட்டும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். பின்னின் நடுப்பகுதி பெரும்பாலும் நேர்முனை, ஆனால் எப்போதும் அன்று. இதையும் அளந்தே தீர்மானியுங்கள். எல்.ஈ.டி.கள் தலைகீழ் மின்னழுத்தத்தை 5 வோல்ட் அளவுக்குமேல் தாங்கும் என்று உறுதி தரப்படுவதில்லை. ஆகவே நேர்முனைக் கம்பியில் 1என்4007 டயோடு ஒன்றைத் தொடராகப் போட்டுவிட்டால், யாராவது மாற்றிச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. அதில் 0.7 வோல்ட் போவது ஒளியில் தெரியாது. அதனுடன், தானே மீளும் ஃபியூஸான 200 மில்லி ஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்காவது கம்பிகள் உரசினால் அது சூடேறித் தானே மின்னோட்டத்தை அடக்கி, அடாப்டரைப் பிடுங்கி ஆறவிட்டால் பழைய நிலைக்கு வரும். எல்.ஈ.டி. பட்டைகளுடன் வரும் 5 ஆம்பியர் அடாப்டரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது கட்டாயம், ஏனெனில் அது தரும் மின்னோட்டம் மெல்லிய கம்பியைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்ட அடாப்டரையே வாங்குங்கள். சுற்று முழுவதும் 12 வோல்ட் என்றாலும், வீட்டு மின்சாரத்துக்கும் அந்தச் சுற்றுக்கும் இடையே நிற்கும் ஒரே தடுப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காப்புதான். படிகளின் மேல் விரித்த வேட்டிக்கு அடியில் அடாப்டரைப் புதைத்து வைக்காதீர்கள். காற்றுப் படும்படி, விளக்கேற்றும் இடத்துக்கு எட்டி, வெளியில் இருக்கட்டும்.

கம்பி விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி. 5 மில்லி ஆம்பியருக்கு, மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 36 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பியின் பருமனைக் குறிக்கும் எண்) எனாமல் கம்பி, அதாவது மேல்பூச்சே காப்பாக இருக்கும் செப்புக் கம்பி, தாராளம். அதன் விட்டம் 0.19 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு 0.6 ஓமுக்கும் குறைவு என்பதால் போக்கும் வரவும் சேர்த்தாலும் வோல்ட் இழப்பு கணக்கில் வராது. விளக்குக் கம்பத்துக்கு மெல்லிய பித்தளைக் குழாயை நிறுத்தினால் குழாயே எதிர்முனையாகும், உள்ளே போகும் எனாமல் கம்பி நேர்முனை. எனாமலில் சில வகை பற்றவைப்புக் கோலின் சூட்டிலேயே கரையும், சில வகையைப் பிளேடால் சுரண்டினால்தான் ஈயம் ஒட்டும். வாங்கியது எது என்பது ஒரு முனையைச் சோதித்தால் தெரிந்துவிடும். குழாயின் விளிம்பு எனாமலைச் சீவிவிடாதபடி அரத்தால் மழுக்கிவிடுங்கள். பலகைக்கு அடியில் தடித்த கம்பிகள் இரண்டை, சிவப்பு நேர்முனைக்கும் கறுப்பு எதிர்முனைக்குமாக, முழு நீளத்துக்கும் ஓட்டி, ஒவ்வொரு கட்டடத்தையும் செருகிக் கழற்றக்கூடிய இரண்டு முனை ரிலிமேட் கனெக்டரால் அவற்றோடு சேர்த்தால், பத்தாம் நாள் பிரித்துப் பரணில் வைக்கும்போது எதையும் வெட்ட வேண்டியிருக்காது. ரெசிஸ்டர்களைக் கட்டடத்துக்குள் ஒளிக்காமல் ஒரு டாட் போர்டில் (பற்றவைப்பதற்காகத் துளைகள் இட்ட பலகை) வரிசையாகப் பலகைக்கு அடியில் வையுங்கள். ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ தோன்றினால் நிலையத்தைத் தொடாமலே மாற்றலாம்.

எல்.ஈ.டி.யின் உருவ அளவையும் கொஞ்சம் யோசியுங்கள். 5 மில்லிமீட்டர் எல்.ஈ.டி. 1:87 அளவில் 43 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, கம்பத்தின் உச்சியில் பானை கவிழ்த்ததுபோல் நிற்கும். 3 மில்லிமீட்டரே 26 சென்டிமீட்டர். 0603 என்ற தட்டை வகை 1.6 மில்லிமீட்டர் நீளம் உள்ளது. அது 14 சென்டிமீட்டர், விளக்குக்கு இயல்பான அளவு. அதைப் பற்றவைக்கக் கை பழக வேண்டும். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வைத்து, கூர்முனைக் கோலால் ஓரிரு நொடிக்குமேல் தொடாமல் செய்தால் வரும். அடியில் உள்ள பச்சைக் குறி பெரும்பாலும் எதிர்முனைப் பக்கம் என்றாலும், எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். கண் ஒத்துழைக்காவிட்டால் கம்பி பற்றவைத்தே விற்கும் வகையை வாங்கிக்கொள்ளலாம். கட்டடங்களுக்குள் தெரியாமல் இருப்பவற்றுக்கு உங்கள் 3 மில்லிமீட்டரே போதும், அல்லது மூன்று எல்.ஈ.டி.க்கு ஒருமுறை வெட்டக்கூடிய 12 வோல்ட் பட்டையின் துண்டு போதும். பட்டைத் துண்டில் ரெசிஸ்டர் ஏற்கெனவே உண்டு. ஆனால் அப்படியே போட்டால் ஒளி மிகையாக இருக்கும், தொடராக இன்னும் 1 கிலோ ஓம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒளியின் நிறம் ரசனையைப் பொறுத்தது, ஆனால் காலத்தையும் பொறுத்தது. குழல் விளக்குக் கால நிலையம் என்றால் 6500 கெல்வின் குளிர்வெள்ளை பொருந்தும். நிலைய அதிகாரியின் வீட்டுக்கும் டீக்கடைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள இளமஞ்சள். வெளியே தெருவில் சோடியம் விளக்கு வேண்டுமென்றால், இளமஞ்சள் எல்.ஈ.டி.யின் மேல் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிறக் கண்ணாடி வண்ணத்தை மெல்லத் தடவினாலே அந்தச் சாயல் வந்துவிடும். இதைவிட முக்கியமானது ஒளிக்கசிவு. அட்டையோ பிளாஸ்டிக்கோ, சுவர் முழுவதும் காகித விளக்குபோல் ஒளிர்ந்தால் நிலையம் என்ற மயக்கம் போய்விடும். உட்புறம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். சன்னல்களின் பின்னால் டிரேசிங் காகிதம் ஒட்டினால் எல்.ஈ.டி. புள்ளியாகத் தெரியாது. ஒளி திரும்பட்டும் என்று சமையலறை அலுமினியத் தாளை உள்ளே ஒட்டுகிறவர்கள், அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சிக்னலில் சிவப்புக்கும் பச்சைக்கும் ஒரே ரெசிஸ்டர் போடும் ஆசை வரும், ஒரு நேரத்தில் ஒன்றுதானே எரிகிறது என்று. மின்சார ரீதியில் அது தவறு அன்று. ஆனால் இன்றைய பச்சை எல்.ஈ.டி., கண்ணின் கூருணர்வு மிகுந்த நிறப்பகுதியில் ஒளிர்வதால், அதே மின்னோட்டத்தில் சிவப்பைவிட மிகவும் கூசும். பச்சைக்கு 10 கிலோ ஓமிலிருந்து தொடங்கி, சிவப்புக்கு ஈடாகும்வரை இறக்கிக்கொண்டு வாருங்கள். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிய வேண்டுமென்றால், தானே மின்னும் எல்.ஈ.டி. கிடைக்கிறது, வேகத்தை நீங்களே வைக்க வேண்டுமென்றால் 555 என்ற டைமர் சில்லுடன் 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட் சேர்த்தால் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை மின்னும். பூங்காவில் கோவிலும் வைக்கிறீர்கள் என்றால், மெழுகுவத்திபோல் நடுங்கும் எல்.ஈ.டி. ஒன்றுடன் சாதாரண இளமஞ்சளைத் தொடராகக் கோத்தால், பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து நடுங்கும். எல்லா வகையிலும் இது பலிப்பதில்லை என்பதால் ஒட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். நிலைய விளக்குகளுக்கான மின்சாரத்தை ரயில் ஓடும் தண்டவாளத்திலிருந்து எடுக்காதீர்கள். தண்டவாளத்தின் வோல்ட்டை ஏற்றி இறக்கி ஓட்டும் சாதாரண மாதிரி ரயிலில் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும், திசை மாறினால் முனையும் மாறும்.

உங்களிடம் மிஞ்சியிருக்கும் வெள்ளை எல்.ஈ.டி.களின் நிலையை எழுத்தில் படித்து என்னால் உறுதிசொல்ல முடியாது. சில நொடிகள்தான் எரிந்தன என்பதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பது ஊகம். பளிச்சென்று எரிந்த ஓரிரண்டு பலவீனப்பட்டிருக்கலாம் என்பதும் ஊகம்தான். சோதிக்கும் வழி எளிது: ஒவ்வொன்றையும் 4.7 கிலோ ஓமுடன் 12 வோல்ட்டில் தனித்தனியாக ஏற்றி, எரியும்போது அதன் குறுக்கே நிற்கும் வோல்ட்டை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்பதையும், நிறம் நீலமாகத் திரும்பியதையும் ஒதுக்குங்கள். பொட்டலத்தில் உதிரியாக விற்கப்படுபவற்றுக்குத் தயாரிப்பாளரின் விவரத்தாள் கிடையாது, ஆகவே இந்த அளவீடுதான் உங்களுக்கு விவரத்தாள். புதிதாக வாங்கும்போது நடைமேடைக்கு வேண்டியதைவிட நாலைந்து கூடுதலாக ஒரே பொட்டலத்திலிருந்து வாங்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அதே கடையில் அதே வெள்ளை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்லாம் பூட்டிய பின், கொலு வைப்பதற்கு முந்தைய ஏதாவது ஒரு மாலை, இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு அடாப்டரையும் டாட் போர்டையும் தொட்டுப் பாருங்கள். அடாப்டர் இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. ரெசிஸ்டர் எதுவும் கைக்குச் சூடாகத் தெரியவே கூடாது, தெரிந்தால் அந்த வரிசையில் மட்டும் எங்கோ இணைப்பு தவறியிருக்கிறது.